எறும்புக்கு ரீடிங் எடுத்த விவரம்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அவள் என்னோடு பேசி ஐந்து நாளாகிறது என்பதைத் தவிர வேறு விசேஷம் இல்லை. தங்கள் இல்லத்திலும் பெரியவர் முதல் சிறியவர் வரை சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தங்கள் கைப்பேசிக் கடை நன்றாக நடப்பதைத் தினமும் எதிர்ப்பக்கமாக நடந்துபோகும்போது கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன். உள்ளே வராமல் போவதற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம்தான், ஆனால் அதை அடுத்த பத்தியில் சொல்கிறேன். கடிதம் என்றால் 'தாங்கள்' போட்டு எழுதுவதுதான் முறை என்று ஆரம்பித்தேன் மாப்ளே, இதற்குள்ளேயே கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பத்து நிமிட நடையில் இருந்துகொண்டு இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "எறும்பு விஷயமா ஒரு உதவி வேணும்" என்று நான் வாயைத் திறந்ததும், நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. "எறும்பு பவுடர் அடுத்த கடையில கெடைக்கும் அத்தான், நம்ம கடையில போன் மட்டும்தான்" என்றாய். ஆறு பேர் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆறு பேர் என்பது உத்தேசம் இல்லை, முப்பத்துநாலு வருஷம் கரண்ட் மீட்டரில் ஓடுகிற நம்பரைப் பார்த்து எழுதியவன் நான், எண்ணிக்கையில் தவறமாட்டேன். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது என்பதால் கடிதம்.

முதலில் எறும்பு என்றால் என்ன என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன், நீ ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. இணையத்தில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் திறக்கிறோமே பிரவுசர், அதில் ஒரு வகை. நீ விற்கிற போனில் பெட்டியைப் பிரிக்கும்போதே பெரிய கம்பெனியுடையது ஒன்று உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதுதான் இண்டர்நெட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது போக இன்னும் இரண்டு மூன்று பெரிசுகள் இருக்கின்றன. இத்தனை பேருக்கு நடுவில் உன் அக்கா மகளும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து செய்ததுதான் எறும்பு. சின்னதாக இருக்கும், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். முக்கியமான விஷயம், நீ எதைத் தேடினாய், எங்கே போனாய், எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று ஒன்றையும் யாருக்கும் சொல்லாது. தனக்கே சொல்லிக்கொள்ளாது. எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்பதுகூட அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது.

வம்பே அங்கேதான். இரண்டரை மாதத்துக்கு முன்னால் பெண் குடையை மறந்துவிட்டுப் போனாள் என்று கொடுக்கப் போனேன். சலவைக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை, அதுதான் இவர்கள் ஆபீஸ். ஏழு நாற்காலி, ஆறு மேஜை. கீழே இஸ்திரி போடுகிற சூட்டில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில், "எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்: தெரியாது" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நான் வாசலில் நிற்கும்போது உள்ளே முதலாளி பேசிக்கொண்டிருந்தார். கத்தவில்லை, கத்தினால்கூடத் தேவலை. "தினமும் தொறக்கிறவங்க ஆயிரம் பேர் இருக்காங்கன்னு எனக்கு ஒரு அத்தாட்சி காட்டுங்கம்மா. மூணு மாசம் டைம். இல்லன்னா இழுத்து மூடிடலாம்" என்றார். இவள், "எண்ண ஆரம்பிச்சா அது எறும்பே இல்ல சார்" என்றாள். அவர், "எண்ணலைன்னா கம்பெனியே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். இவள் என்னைப் பார்த்து, "குடைக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்ளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இவள் கண்ணாடிக் கட்டடத்துப் பெரிய வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "யாருக்குமே தெரியாத கம்பெனி, பேரைச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது" என்றேன். அன்றிலிருந்து அவள் வேலை விஷயமாக என்னிடம் எதுவும் சொல்வதில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் படியில் குடையோடு நின்றபோதே கணக்குப் போட்டுவிட்டேன். மூன்று வருஷ உழைப்பை ஒரு கையெழுத்தில் இழுத்து மூடிவிடுவார்கள், நான் சொன்ன வார்த்தைதான் சரி என்று ஆகிவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னது தப்பாகப் போக வேண்டுமே என்று ஆசைப்பட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு யோசனை வந்துவிட்டது. எறும்பு எண்ணாது, கம்பெனி எண்ணக் கூடாது, நான் எண்ணலாமே? நான் ரீடிங் எடுத்த பழைய வட்டத்தில் ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு வீடு. எந்த வீட்டில் நாய் வெறுமனே குரைக்கும், எந்த வீட்டில் குரைக்காமலே கடிக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆயிரம் ஆனதும் நோட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைக்கலாம் என்று இருந்தேன். எறும்பைப் போடக் கற்றுக்கொண்டேன், ஏழு தடவை தட்டினால் முடிந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். "மீட்டர் பின்பக்கம் இருக்கு" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. ரிடையராகி மூன்று வருஷமாகிறது, என் முகம் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை, நான் தட்டுகிற தட்டு மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பல் டாக்டர் கதவைத் திறந்ததுமே, "அந்தக் கிளினிக் ஏசி நேத்துதான் வீட்டு லைன்ல மாட்டினது சார், இப்பவே கழட்டிடறேன்" என்றார். நான் வணக்கம்கூடச் சொல்லியிருக்கவில்லை. "நான் ரிடையராயிட்டேன் டாக்டர், எறும்பு விஷயமா வந்தேன்" என்றதும் மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கிளினிக்கில் இருந்த நாலு கம்ப்யூட்டரிலும் போடச் சொல்லிவிட்டார். இது மிரட்டல் இல்லையா என்று உன் அக்கா கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை, அது எப்படி மிரட்டலாகும்? இன்னொரு வீட்டில், "இதைப் போட்டா கரண்ட் பில் குறையுமா?" என்று கேட்டார்கள். குறையாது என்றேன். "கூடுமா?" கூடாது என்றேன். "அப்ப போட்டு வைங்க" என்றார்கள். இதில் நான் சொன்ன பொய் ஏதாவது உண்டா? மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் அறுபத்தொரு பேர், எறும்பு போட்டால் பில் பாதியாகிறதாமே என்று நிற்கிறார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்து அப்படி இல்லை என்று விளக்கினேன். ஐம்பத்தெட்டுப் பேர் நம்பினார்கள். மூன்று பேர், "உங்களுக்கு வெளியில சொல்ல உத்தரவு இல்ல போல, புரியுது சார்" என்று கண்ணடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள்.

படம் ஒரு எறும்பாக இருப்பது பற்றி நான் உன் அக்கா மகளிடம் தனியாகப் பேச வேண்டும். ஒரு அம்மாள் திரையில் எறும்பு ஊர்கிறது என்று ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, அழுத்தின அழுத்தில் எறும்பே அழிந்துபோய்விட்டது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் துடைத்தார். இன்னொரு வீட்டுப் பெரியவர் கம்ப்யூட்டரைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். "வெளிய போகாம இருக்கட்டும்னு" என்றார். அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இந்தப் பாஸ்வேர்டு தொல்லை. "பழசுக்கு என் பாஸ்வேர்டெல்லாம் தெரியும், எனக்குத்தான் தெரியாது, இப்ப நான் யாரைக் கேட்பேன்?" என்று ஒருத்தர் அழாத குறை. மூன்றாம் மாடித் தையல்காரம்மா இருக்கிறாரே, அவர் சொன்னதுதான் எனக்கு மனசில் நிற்கிறது. "பழசுல ஒரு தடவை நூல்கண்டு தேடினேன் சார், ஒரு மாசம் போற எடமெல்லாம் நூல்கண்டு வேணுமா, நூல்கண்டு வேணுமான்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. தொல்லைதான், ஆனா தனியா இருக்கிறவளுக்கு யாரோ விசாரிக்கிற மாதிரி இருந்துச்சு. உங்க எறும்பு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது." நான், "அதுக்கென்னம்மா, நான் வந்து விசாரிக்கிறேன்" என்றேன். வாரத்துக்கு ஒரு தடவை போய் நூல்கண்டு வேணுமா என்று கேட்டுவிட்டு வருகிறேன். இரண்டு தடவை வாங்கியும் கொடுத்திருக்கிறேன்.

இப்படிப் போட்டாயிற்று, ரீடிங் எடுப்பது எப்படி? எறும்புதான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாதே. எங்கள் இலாகாவில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குமே, போகிறபோதெல்லாம் ரீடிங்கை அதில் எழுதிவிட்டு வருவோமே, அதே மாதிரி வீட்டுக்கு ஒரு அட்டை அடித்துக் கயிறு கட்டிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். எறும்பைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு டிக். நான் மாதத்துக்கு ஒருமுறை போய் நோட்டில் ஏற்றுவேன்: கதவு எண், முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், வித்தியாசம். பூட்டியிருந்தால் 'வீடு பூட்டு' என்று எழுதுவேன், சராசரி போடமாட்டேன். சராசரி போடுகிறவனை எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஒரு வீட்டில் பிள்ளைகள் விளையாட்டுக்கு ஒரே நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது டிக் அடித்து வைத்திருந்தன. அதை அப்படியே ஏற்றியிருந்தால் என் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும். அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன், அதுதான் நியாயம்.

வெறும் டிக்கை முதலாளி நம்பமாட்டாரே என்று 'எதற்குத் திறந்தது' என்று இன்னொரு கட்டம் போட்டேன். போட்டேனா, ஊரே என் நோட்டுக்குள் வந்துவிட்டது. யாருக்கு எந்த மாத்திரை, யார் வேலை மாறப்போகிறார், யார் பழைய சிநேகத்தைத் தேடுகிறார், எல்லாம் எனக்கு அத்துப்படி. பல் டாக்டர் மூன்று நாள் தொடர்ந்து 'நல்ல பல் டாக்டர்' என்று தேடியிருக்கிறார், இதை உன்னோடு வைத்துக்கொள். ஆனால் எட்டாம் நம்பர் வீட்டுக் குடித்தனக்காரர் விஷயம் கொஞ்சம் ஏடாகூடமாகிவிட்டது. அவர் நேர்மையான மனுஷர், 'வேறு வாடகை வீடு' என்று ஐந்து டிக் போட்டு எழுதி வைத்திருக்கிறார். குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் அட்டையைப் படித்துவிட்டார். "காலி பண்றதுன்னா மொதல்ல எங்கிட்ட சொல்லணும்ல?" என்று ஒரே சண்டை. மறுநாள் நான் ரீடிங்குக்குப் போனால் குடித்தனக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பழசுல தேடினப்ப எங்கேயோ கண்காணாத கம்பெனிக்குத்தான் சார் தெரிஞ்சுது. உங்க எறும்புல தேடினதும் வீட்டு ஓனருக்கே தெரிஞ்சுபோச்சு. எது சார் நல்ல பிரவுசர்?" என்றார். அட்டையைத் திருப்பி, எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கிற மாதிரி மாட்டிவிட்டு வந்தேன்.

ஆக இன்றைய தேதிக்கு எழுநூற்று முப்பத்தாறு வீடு. இன்னும் இருநூற்று அறுபத்துநாலு வேண்டும். கெடு முடிய இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. என் வட்டத்தில் பாக்கி இருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கதவைத் திறப்பதில்லை, எட்டாம் நம்பர் விஷயம் பரவிவிட்டது போல.

இப்போது உன் அக்கா ஏன் பேசுவதில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெண் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பஸ் நேரம் பார்க்க வேண்டும் என்று என் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திறந்தால், பெரிய கம்பெனி பிரவுசர் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. "எறும்பு போடலையாப்பா?" என்றாள். "போடணும்மா" என்றேன். "சரிப்பா" என்றாள். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ் நேரம் பார்க்காமலேயே கிளம்பிப் போய்விட்டாள். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. "ஊர் வீட்டுல எல்லாம் போய்ப் போய்ப் போட்டீங்க, சொந்த வீட்டுல போட ஒங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டதுதான் கடைசி, அதோடு பேச்சு நின்றது.

உனக்காவது புரியும் என்று சொல்கிறேன். எங்கள் இலாகாவில் ஒரு விதி உண்டு. தன் வீட்டு மீட்டரைத் தானே தொடக் கூடாது, ரீடிங் எடுக்கவும் கூடாது, வேறு ஆள்தான் எடுக்க வேண்டும். நான் சேர்ந்த வருஷம் ஒருத்தன் தன் வீட்டு ரீடிங்கைத் தானே எழுதினான் என்று ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான், அது வேறு விஷயம். முப்பத்துநாலு வருஷத்தில் நான் என் வீட்டு மீட்டர் பெட்டியைத் துடைத்ததுகூட இல்லை. எறும்பையும் என் கையால் என் வீட்டில் போட்டு, என் கையால் நோட்டில் ஏற்றினால், முதலாளி நாளைக்கு நோட்டைப் புரட்டி, "அப்பாவே எழுதிக்கிட்டாரா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், மற்ற எழுநூற்று முப்பத்தாறும் பொய்யாகிவிடாதா? இதை அவளிடம் சொல்லலாம் என்றால் நோட்டு விஷயம் வெளியே வந்துவிடும். அவளோ, பெற்ற அப்பனே தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ராப்பகலாக அதே நினைப்புதான் மாப்ளே, சோறு இறங்கவில்லை.

ஆகையால் இரண்டு உதவி. ஒன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ உன் கைப்பையோடு வந்து, உன் கையால் என் கம்ப்யூட்டரில் எறும்பைப் போட்டு, நீயே ரீடிங் எடுத்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அந்த நேரம் வீட்டில் இருக்கமாட்டேன், அதுதான் முறை. இரண்டு, பதினெட்டு நாளைக்கு உன் கடையில் விற்கிற ஒவ்வொரு போனிலும் எறும்பைப் போட்டு, கூடவே ஒரு அட்டையும் கொடுக்க வேண்டும். முந்நூறு அட்டை தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன், கயிறு கட்டியே இருக்கிறது. போனில் எங்கே கட்டுவது என்று கேட்காதே, வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ சிரித்தாலும் பரவாயில்லை, போட்டுவிட்டுச் சிரி. எனக்காக இல்லை, உன்னை மாமா மாமா என்று சுற்றி வந்தாளே, அவளுக்காக.

உன் கல்லா எப்போதும் நிறைந்திருக்கட்டும், உன் வீட்டில் எல்லோரும் நூறு வயது சிரித்துக்கொண்டே இருக்கட்டும், என்னைப் பார்த்துச் சிரிப்பது மட்டும் கொஞ்சம் குறையட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உன் அக்காவும் விசாரித்ததாக எழுத ஆசைதான், அவளைக் கேட்க முடியவில்லை.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு (பதினோரு நாள் கழித்து எழுதுவது): மேலே எழுதியது ஒன்றும் செல்லாது. நீ வர வேண்டாம், அட்டைப் பொட்டலமும் வராது. கடிதத்தை மடித்து உறையில் போடுகிற நேரத்தில் பெண் வந்துவிட்டாள், அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மறந்துவிட்டுப் போன குடைக்காக. மேஜையில் நோட்டு திறந்தபடி கிடந்தது. ஒரே ஒரு பக்கம் படித்தாள், சட்டென்று மூடிவிட்டாள். "இது யார்கிட்டயாவது காட்டினீங்களாப்பா?" என்றாள். இல்லை, உனக்குத்தான், ஆயிரம் ஆகட்டும் என்று வைத்திருந்தேன் என்றேன். "நீங்க பாக்கிறது யாருக்கும் தெரியாதுன்னு நாங்க வாக்கு கொடுத்திருக்கோம். இதுல எல்லாருடையதும் இருக்கேப்பா" என்றாள். நான் என்ன அந்நியனா என்று கேட்டேன். கேட்கும்போதே எட்டாம் நம்பர் குடித்தனக்காரர் முகம் ஞாபகம் வந்துவிட்டது. என் மீட்டர் விதியையும் அப்போதுதான் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, கண்ணில் தண்ணீர் வேறு. "முப்பத்துநாலு வருஷத்து ரூலை என் மேலயா போட்டீங்க?" என்றாள். யாருக்கும் தெரியாத கம்பெனி என்று சொன்னது தப்பும்மா என்றேன். "இப்பவும் யாருக்கும் தெரியாதுதாம்பா" என்று சொல்லிவிட்டு என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் கையாலேயே எறும்பைப் போட்டாள். போட்டது வேறு ஆள்தான், விதி மீறவில்லை.

நோட்டை அவள் எதிரிலேயே கிழித்தேன். பிறகு எட்டு நாள் எழுநூற்று முப்பத்தாறு வீட்டுக்கும் நடந்து அட்டைகளைத் திரும்ப வாங்கி அவரவர் கண்ணெதிரே கிழித்துப்போட்டேன். "இனிமே யார் வந்து கேட்டாலும் சொல்லாதீங்க, நானே வந்து கேட்டாலும் சொல்லாதீங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். எட்டாம் நம்பர்க்காரர், "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். நேற்று முதலாளியிடம் பெண் போய், எண்ணிக்கை எங்களுக்குத் தெரியாது, வேண்டுமானால் என் அப்பா குடியிருக்கிற தெருவில் நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். மனுஷர் உடனே கிளம்பி வந்துவிட்டார். தையல்காரம்மாவிடம், "எறும்பு பயன்படுத்துறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நான் எதைத் தொறந்தா ஒங்களுக்கு என்ன? நீங்க யாரு?" என்று கதவைச் சாத்திவிட்டார். பல் டாக்டர் பேசவே இல்லை, வாயைக் கையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எட்டாம் நம்பரில் நாயை அவிழ்க்கப் போனார்களாம். பதினோரு வீடு, பதினோரு கதவும் சாத்தியாயிற்று. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எல்லாம் என்னால் கெட்டது, இன்றோடு கம்பெனி முடிந்தது என்று எனக்கு உட்காரக்கூட முடியவில்லை.

முதலாளி நேராகச் சலவைக் கடை மாடிக்குப் போயிருக்கிறார். "பதினோரு வீட்டுல கேட்டேன்மா, ஒருத்தரும் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ஆனா ஒருத்தர்கூட 'எறும்பா, அப்படின்னா என்ன?'ன்னு என்னைக் கேக்கல. இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க" என்றாராம். பெண் போனில் சொன்னாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வேலை விஷயமாக எனக்குப் போன் செய்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் வரைக்கும் தெரிந்துபோச்சேம்மா என்றேன். உன் அக்காவும் பேச ஆரம்பித்துவிட்டாள், முதல் வார்த்தையே திட்டுதான்.

இந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். பல் டாக்டர் பற்றிய வரியைப் படிக்காமல் தாண்டிவிடு. முன்பே படித்துவிட்டாயானால் மறந்துவிடு, படித்ததும் கிழித்துவிடு. கடையில் எறும்பு கேட்கிறவர்களுக்கு மட்டும் போட்டுக் கொடு, எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லாதே. நானும் காலையிலிருந்து எறும்பைத் திறந்துகொண்டேதான் இருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்டால் சொல்லமாட்டேன் மாப்ளே, நீ யார் அதைக் கேட்க?